ஊர்ப் பொங்கல் நேரத்துல வாட்ஸ்அப் குரூப்பைப் பூட்டலாமா?

மேலூர்ப்பக்கம்:
வணக்கம். மேலூர் பக்கம் ஒரு ஊர்ப் பொதுக் குரூப். 640 பேர், அட்மின் நாலு பேர். வைகாசிப் பொங்கலுக்கு இன்னும் 12 நாள் இருக்கு. முதல் மரியாதை விஷயமா தாசில்தார் ஆபீஸ்ல அமைதிப் பேச்சுவார்த்தை முடிஞ்சு, ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டாச்சு. இப்போ "இன்னைக்கு ராத்திரி நம்ம தெருவுக்கு வர்றாய்ங்க"ன்னு ஒரு வாய்ஸ் சுத்துது, கூடவே அரிவாளோட ஆளுங்க ஓடுற வீடியோ ஒண்ணு. குரூப்பைப் பூட்டினா அடங்குமா? அட்மின் மேல கேஸ் வருமா?

வைகைக்கரை:
பூட்டுறது அப்புறம். முதல்ல அந்த ரெண்டையும் பாருங்க.

வாய்ஸ் மேல ரெட்டை அம்புக்குறி இருக்கா? இருந்தா அது அஞ்சு கைக்கு மேல மாறி வந்தது, உங்க ஊர்ல பேசினதா இருக்க வாய்ப்புக் கம்மி. அந்த மாதிரிச் செய்தியை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும்னு 2020 ஏப்ரல்லயே வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு. ஆனா ஒரு போன்ல ஓடவிட்டு இன்னொரு போன்ல பதிவு பண்ணி அனுப்பினா அம்புக்குறி காணாமப் போயிரும். அதனால அம்பு இல்லைன்னா உண்மைன்னு அர்த்தமில்ல. "இன்னைக்கு ராத்திரி"ங்கிற வாய்ஸ்ல தேதி இருக்காது, கவனிச்சீங்களா? அதனாலதான் ஒரே வாய்ஸ் வருஷா வருஷம் புதுசா வந்து நிக்குது.

வீடியோவுக்கு: நாலு இடத்துல நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. கடை போர்டு, பஸ், வண்டி நம்பர் தெரியுற இடமாப் பாருங்க. ஒவ்வொண்ணையும் படத்தை வச்சே நெட்ல தேடுற கூகுள் லென்ஸ்ல போடுங்க. எழுத்து கண்ணாடியில பார்க்கிற மாதிரி மாறித் தெரிஞ்சா வீடியோவை இடவலம் திருப்பியிருக்காங்க. கேலரி எடிட்ல திரும்பத் திருப்பிட்டுத் தேடுங்க, இல்லைன்னா லென்ஸ் கோட்டை விட்டுரும். மதுரை மாவட்ட வண்டி நம்பர்னா TN 58, 59, 64-ல ஆரம்பிக்கும். எல்லா வண்டியும் வேற மாநில நம்பரா இருந்தா அது உங்க ஊர் வீடியோவா இருக்க வாய்ப்புக் கம்மி.

வீடியோ நிஜமா இருந்து தலைப்பு மட்டும் பொய்யா இருக்கிறதும் உண்டு. 2023 மார்ச்ல வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டுல அடிக்கிறாங்கன்னு பரவின வீடியோக்கள் அப்படித்தான். ஒண்ணு தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த தகராறு, இன்னொண்ணு உள்ளூர்க்காரங்களுக்குள்ள நடந்ததுன்னு போலீஸ் விளக்கம் கொடுத்துச்சு. அதனால வீடியோ எடிட் பண்ணதான்னு மட்டும் பார்த்து நிறுத்திக்காதீங்க. எங்க, எப்பன்னு கேளுங்க.

தெற்குவாசல்:
முழுசாப் பூட்டாதீங்கண்ணே. பொதுக் குரூப் அடைச்சா பேச்சு நிக்காது, சொந்தக்காரங்க குரூப்புக்கும் பசங்க குரூப்புக்கும் போயிரும். அங்க ஒரே தரப்புதான் இருக்கும், மறுத்துச் சொல்ல ஆளே இருக்காது. பொங்கல் மூணு நாளும் ராத்திரி 9 மணியில இருந்து காலை 6 வரைக்கும் மட்டும் பூட்டுங்க: குரூப் பெர்மிஷன்ஸ்ல "சென்ட் நியூ மெசேஜஸ்" ஆஃப். பூட்டப் போறதை முன்னாடியே சொல்லிருங்க. புது ஆளுங்களுக்கு அட்மின் ஒப்புதல் கட்டாயமாக்குங்க. இன்வைட் லிங்க்கை ரீசெட் பண்ணுங்க, பழைய லிங்க் யார் யார் கையில இருக்கோ.

நாலு அட்மினும் ஒரே தெருவா? அப்படின்னா என்ன செட்டிங் போட்டாலும் பிரயோஜனமில்ல. ரெண்டு தரப்புலயும் ரெண்டு ரெண்டு பேர் வேணும். மறுப்பை எந்தத் தரப்பு மேல பழி விழுதோ அவங்க எழுதினா எடுபடாது. பயந்து கிடக்கிற தெருவோட பெரியவரே, அவர் குரல்லயே, 20 செகண்ட் வாய்ஸ் போடணும்: "நான் கோயில் வாசல்லதான் உக்காந்திருக்கேன், இங்க ஒண்ணுமில்ல, மணி பத்து இருபது." இடமும் நேரமும் அவசியம். பழைய வீடியோவைத் திரும்ப ஒட்டி "இது பொய்"னு போடாதீங்க, பாதிப் பேர் எழுத்தைப் படிக்காம வீடியோவை மட்டும் அனுப்புவாங்க.

அனுப்பின பையன் நம்பரை வட்டம் போட்டுக் குரூப்ல காட்டாதீங்க. அது ரெண்டாவது சண்டை. தனியாக் கூப்பிட்டுப் பேசி, அவனையே "தப்பா அனுப்பிட்டேன்"னு எழுத வையுங்க.

வக்கீல்குமாஸ்தா:
அட்மினா இருந்ததுக்காக மட்டும் கேஸ் நிக்காது. 2021 டிசம்பர்ல, கரூர் வக்கீல்கள் குரூப் சம்பந்தப்பட்ட வழக்குல, நம்ம ஹைகோர்ட் மதுரைக் கிளையே, வெறும் அட்மின்தான்னா அவர் பேரைக் குற்றப்பத்திரிகையில சேர்க்க வேண்டாம்னு சொல்லியிருக்கு. ஆனா அட்மினே ஃபார்வர்ட் பண்ணியிருந்தா அது வேற கதை. இரு தரப்புக்குள்ள பகை மூட்டினா பாரதிய நியாய சன்ஹிதாங்கிற குற்றவியல் சட்டத்துல பிரிவு 196, வதந்தின்னா பிரிவு 353. ரெண்டுலயும் 3 வருஷம் வரைக்கும், வழிபாட்டு இடத்துல நடந்தா 5 வருஷம் வரைக்கும் போகும். கோயில் திடல்ல நின்னு மைக்ல பேசறவங்களுக்கு இதைச் சொல்லி வையுங்க.

வரிசை முக்கியம். முதல்ல அனுப்பினவர் நம்பர், நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன் ரெக்கார்டிங். அடுத்து மறுப்பு. கடைசியாத்தான் டெலீட். முதல்லயே டெலீட் பண்ணினா "எதையோ மறைக்கிறாங்க"ன்னு பேச்சு கிளம்பும், ஸ்டேஷன்ல காட்டவும் ஒண்ணும் இருக்காது. ஒரிஜினல் ஃபைலைக் கட் பண்ணாம அப்படியே வையுங்க. அவசரம்னா 112. 1930ன்னு அடிக்காதீங்க, அது முக்கியமா ஆன்லைன் பண மோசடிக்கானது.

மேலூர்ப்பக்கம்:
நாலு அட்மினும் ஒரே தெருதான், மாத்திருவோம். பசங்க ஸ்டேட்டஸ்ல சாதிப் பாட்டு வைக்கிறதை என்ன பண்றது?

தெற்குவாசல்:
ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல போயிரும், அட்மினால ஒண்ணும் பண்ண முடியாது. அவனோட மாமன் சொன்னா எடுப்பான், நாம சொன்னா இன்னும் ரெண்டு வைப்பான். அதைவிடக் கவனிக்க வேண்டியது மைக் செட். ஆம்ப்ளிஃபயர்ல ப்ளூடூத் ஆன்ல இருந்தா கூட்டத்துல எவன் போன்ல இருந்தும் பாட்டு நுழைஞ்சிரும், யாரு போட்டதுன்னே தெரியாது. மைக் செட்காரர்கிட்ட ப்ளூடூத்தை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. பாட்டு ஒரே பென்டிரைவ்ல, ரெண்டு தரப்பும் உக்காந்து கேட்டு ஒத்துக்கிட்டது மட்டும். அந்தப் பென்டிரைவ் பூசாரி கையில இருக்கட்டும்.