கேப்டன் ராம்சிங் தாக்குரி: பழைய நினைவுகள் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் பள்ளி வாத்தியக் குழுப் பிள்ளைகளுக்காக, இந்திய தேசிய ராணுவத்தின் இசைக்கலைஞர் ராம்சிங் தாக்குரியைப் பற்றி ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தப் போகிறேன். அந்தப் படையின் அணிவகுப்புப் பாட்டான ‘கதம் கதம் படாயே ஜா’வைப் பலரும் கேட்டிருப்பார்கள். அதற்கு மெட்டமைத்தவர் யார் என்று கேட்டால் ஆசிரியர் அறையிலேயே ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

1914இல் தர்மசாலா பக்கம் பிறந்தவர். சிறு வயதிலேயே கூர்க்கா படைப்பிரிவில் சேர்ந்து பேண்டு இசை கற்றார். மலாயாப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, பிறகு நேதாஜியின் படைக்கு வந்தார். நேதாஜி அவருக்கு ஒரு வயலின் பரிசளித்தார். விடுதலைக்குப் பிறகு லக்னோவில் ஆயுதப்படைக் காவலர்களின் பேண்டு குழுவை நடத்தினார். 2002இல் காலமானார்.

இப்போது உதவி. அந்த மெட்டுக்கு ஸ்வரக் குறிப்போ, கிளாரினெட்டுக்கு ஏற்ற மேற்கத்தியக் குறிப்போ இருந்தால் அனுப்புங்கள். நான் காதால் கேட்டு எழுதியது இரண்டாம் அடியில் சறுக்குகிறது. பிள்ளைகள் நாகரிகமாகச் சிரிக்கிறார்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். மலாயாவிலிருந்து தமிழர்கள் ஏராளமாக அந்தப் படையில் சேர்ந்தார்கள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ முகாமில் பாடிய அணிவகுப்புப் பாட்டை வீட்டில் முணுமுணுத்தது நினைவிருந்தால், இரண்டு வரியானாலும் பாடிப் பதிவு செய்து அனுப்புங்கள். சுருதி விலகினாலும் பரவாயில்லை.