கரிசல் மண்ணின் நீரை மாடல் குறைத்துக் காட்டுகிறது, உதவி தேவை

கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிப் பருத்திக் காடு. பயிருக்குக் கிடைக்கும் நீரை மாடலில் கணக்கிட்டால் கன அளவில் 11 சதவீதம்தான் வருகிறது, அதே மண்ணைப் பிரஷர் பிளேட்டில் (காற்றழுத்தத்தால் மண்ணின் நீரை வெளியேற்றி அளக்கும் ஆய்வகக் கருவி) 33, 1500 கிலோபாஸ்கலில் வைத்து அளந்து வித்தியாசம் பார்த்தால் 18.

மேல் 30 செ.மீ. மண், பிப்ரவரியில் எடுத்தது. களி 58, வண்டல் 22, மணல் 20 சதவீதம், கரிமம் 0.4.

களி, மணல், கரிம அளவிலிருந்து மண் நீரைக் கணிக்கும் சாக்ஸ்டன்-ராவ்ல்ஸ் 2006 சமன்பாடு போட்டாச்சு (60 சதவீதத்துக்கு மேல் களி உள்ள மண்ணை ஒதுக்கிவிட்டு உருவாக்கியது அது, நம் மண் விளிம்பில் நிற்கிறது). அப்புறம் ராசெட்டாவில் (இதே வேலைக்கான கணினி நிரல்) பருமன் அடர்த்தியும் சேர்த்துப் பார்த்தேன். ஈரத்தில் 1.3 கிராம்/க.செ.மீ., கை நுழையும் அளவு வெடித்துக் காய்ந்தபின் எடுத்த கட்டியில் 1.75, எதைக் கொடுத்தாலும் 18 பக்கம் வரவில்லை. விதைப்புக்கு இந்த எண்தான் ஆதாரம், தோராயமாக விட மனமில்லை.

இந்தியக் கரிசல் மண் தரவிலிருந்தே உருவாக்கிய சமன்பாடு எதையாவது பயன்படுத்திச் சரியாக வந்தவர்கள் இருக்கிறீர்களா?