‘ஹெர்ஸாக்’ மின்னூல்: சாய்வெழுத்து வரவில்லை, உதவுங்கள்

அமெரிக்க எழுத்தாளர் சால் பெல்லோவின் ‘ஹெர்ஸாக்’ (1964) நாவலைப் படிக்கிறேன். கதாநாயகன் மோசஸ் ஹெர்ஸாக் நியூயார்க்கில் ரயிலேறி மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குப் போகும் இடத்தில் சிக்கி நிற்கிறேன். மனைவி மேடலின், இவருடைய நண்பன் கெர்ஸ்பாக்கோடு சேர்ந்துவிட்ட வேதனையில், அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவர், தத்துவவாதிகள் நீட்ஷே, ஹைடெகர் என்று யார் யாருக்கோ அனுப்பாத கடிதங்களாக எழுதித் தள்ளுகிறார் மனுஷன். அச்சில் கடிதங்கள் சாய்வெழுத்தில் இருக்கும். என் மின்னூலில் எல்லாமே நேரெழுத்து. எது கடிதம், எது கதை என்றே பிரியவில்லை. அவர் தவிப்பே கதையிலிருந்து கடிதத்துக்குத் தாவும் அந்தத் தாவலில்தான் இருக்கிறது, அதை இழக்க மனமில்லை.

எழுத்துருவை மாற்றினேன், அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன், அப்புறம் போனிலும் கணினியிலும் திறந்தேன். எதிலும் மாற்றமில்லை. நூலகத்திலும் புத்தகம் இல்லை.

சாய்வெழுத்து சரியாக வரும் மின்பதிப்பு எது?