1870 மலாக்கா தீர்ப்பு எங்கள் மனைக்கு உதவுமா?

வணக்கம். மலேசியாவில், மலாக்கா மாநிலத்து ஜாசின் பக்கம் ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். தாத்தா 1958இல் காடு வெட்டித் திருத்திய அரை ஏக்கர். கெரான் (நில உரிமைப் பத்திரம்) இல்லை. போன மாதம் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது.

நில அலுவலகத்தில் தேடிப் பார்த்தேன், அரசு நிலம் என்றே பதிவு. பாட்டியின் பிஸ்கட் டின்னில் ஆறு வரி ரசீதுகள் கிடைத்தன, ஒன்றைக் கரையான் பாதி தின்றிருக்கிறது. முதல் வக்கீல் கையை விரித்துவிட்டார். இரண்டாமவர்தான் 1870 சாஹ்ரிப் எதிர் மிட்செல் வழக்கைச் சொன்னார்.

தலைமை நீதிபதி பென்சன் மேக்ஸ்வெல் அதில் மலாக்காவின் பழைய மலாய் வழக்கத்தை விளக்குகிறார்: மண் அரசருடையது, ஆனாலும் காடு திருத்தியவன் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடுத்து நிலத்தை வைத்துக்கொள்ளலாம். நெல் வயலையும் பழமரங்களையும் மூன்று வருடம் கைவிட்டால் உரிமை போய்விடும். எங்கள் டுரியான் மரங்களை நாங்கள் ஒரு வருடம்கூட விட்டதில்லை!

ஆனால் 1965 தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, எத்தனை வருடம் இருந்தாலும் அரசு நிலம் சொந்தமாகாது என்கிறது. இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

1965க்குப் பிறகு மலாக்காவில் இந்தத் தீர்ப்பைக் காட்டி யாராவது நிலமோ இழப்பீடோ பெற்ற வழக்கு உங்களுக்குத் தெரியுமா?