தண்ணீர் உணவா இல்லையா? கலோரிக் கணக்கு போட்டுத் தமிழ்ச்சொல்லுக்குப் பொருள் சொல்பவர்கள் பதில் சொல்லட்டும்

சொல்வேழன்:
நேற்று நம் மன்றத்தின் உடல்நலத் திரியில் ‘உயிர்ச்செல்’ எழுதியது இது: “ஆற்றல் தருவதுதான் உணவு. தண்ணீரில் ஒரு கலோரிகூட இல்லை. எனவே தண்ணீர் உணவே அல்ல. இது தெரியாதவர்கள் பள்ளிப் பாடத்தை மறந்தவர்கள்.” படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. உணவு என்ற சொல்லுக்கு எத்தனை நூற்றாண்டு வயது, கலோரிக்கு எத்தனை வயது? குறள் 12-ஐ எடுத்துப் பாருங்கள். “துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத் துப்பாய தூஉம் மழை.” துப்பு என்றால் உணவு. உண்பவர்க்கு உணவை விளைவித்துக் கொடுப்பதோடு, தானே உணவாகவும் ஆவது மழை. பரிமேலழகரும் “தானும் உணவாய்” என்றுதான் உரை சொல்கிறார். புறநானூறு 18-இல் “உணவெனப் படுவது நிலத்தொடு நீரே” என்று அடித்தே சொல்லியாகிவிட்டது. பள்ளிப் பாடத்தை மறந்தது யார்?

உயிர்ச்செல்:
என் பெயரைச் சொல்லியே திரி திறந்திருக்கிறீர்கள், சரி. உங்கள் புறநானூற்று வரியையே எடுத்துக்கொள்கிறேன். “நிலத்தொடு நீரே” என்றால் நிலமும் உணவா? மண்ணை அள்ளித் தின்பீர்களா? நிலமும் நீரும் சேர்ந்தால் உணவு விளையும் என்று புலவர் சொல்கிறார். அடுத்த வரியே “நீரும் நிலனும் புணரியோர்” என்று வருகிறது. அதாவது, நீரையும் நிலத்தையும் இணைத்து வைத்தவர்கள். காரணத்தைக் காரியமாகச் சொல்வது செய்யுளில் சாதாரணம். உடலுக்குள் நடப்பது வேறு. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4. தண்ணீர்? பூஜ்யம். நான் கேட்பது இந்த ஒரு எண்ணைத்தான்.

சொல்வேழன்:
குறள் 12-ஐத் தொடாமல் தாண்டிப் போனதை எல்லோரும் கவனிக்கவும்.

இன்னொன்றும் கேட்கிறேன். திருக்குறள் 93-ஆம் அதிகாரத்தின் பெயர் என்ன? கள்ளுண்ணாமை. கள் பருகாமை என்றோ கள் குடியாமை என்றோ வைக்கவில்லை. குடிக்கும் பொருளுக்கும் “உண்” என்பதே வினை. குடிநீரை “உண்ணுநீர்” என்றார்கள் முன்னோர். உண்ணப்படுவது உணவு. நீர் உண்ணப்படுகிறது. இதற்கு மேல் விளக்க என்ன இருக்கிறது?

உயிர்ச்செல்:
அடியுண்டான், வெட்டுண்டான், கட்டுண்டான் என்றும் சொல்கிறோம். அப்போது அடியும் வெட்டும் உணவா? மருந்தையும் உண்கிறோம், மருந்து உணவா? வினையை வைத்துப் பொருளை முடிவு செய்ய முடியாது, ஐயா.

சொல்வேழன்:
தம்பி, “வெட்டுண்டான்” என்பதில் “உண்” செயப்பாட்டுப் பொருள் தரும் துணைவினை. அதையும் தலைமை வினையையும் குழப்புகிறவரிடம் எப்படிப் பேசுவது? போன மாதம் “அருகாமை” என்ற சொல்லை அருகில் என்ற பொருளில் எழுதிவிட்டு, அது தவறு என்று காட்டியதும் பதில் சொல்லாமல் காணாமல் போனதும் இதே உயிர்ச்செல்தான். இலக்கணம் தெரியாவிட்டால் ஒதுங்கி நிற்கலாம்.

உயிர்ச்செல்:
தம்பி என்று அழைக்காதீர்கள். நான் பெண். 19 வருடமாக உயிரியல் பாடம் நடத்துகிறேன். அருகாமை விஷயத்தில் நான் காணாமல் போகவில்லை, என் பதிலை நிர்வாகி நீக்கினார். அந்தத் திரியில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். மக்கள் எல்லோரும் ஒரு சொல்லை ஒரு பொருளில் பயன்படுத்தினால் அதுவே அதன் பொருள் என்று அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கும் அதுதான். “சாப்பிட்டாயா” என்று கேட்டால் “தண்ணீர் குடித்தேன்” என்று யாரும் பதில் சொல்வதில்லை.

கோப்புக்கட்டு:
உணவுத் தரக் கோப்புகளோடு வேலை பார்ப்பவன் என்பதால் எழுதுகிறேன். ஐநாவின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து 1963-இல் தொடங்கிய, உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் இருக்கிறது. அதன் வரையறையில் மனிதர் உட்கொள்வதற்கான பொருள் எல்லாம் உணவு, பானமும் உணவு, சூயிங்கமும் உணவு. மருந்தாக மட்டும் பயன்படுவது, புகையிலை, அழகுப் பொருள்கள் சேராது. மருந்தைப் பற்றி மேலே கேட்டவருக்கு இதில் பதில் இருக்கிறது. சூயிங்கம் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். அதை யாரும் விழுங்குவதற்காக வாங்குவதில்லை. எதைப் பாதுகாப்பாக விற்க வேண்டும் என்பதே இந்த வரையறையின் கவலை. எது பசியாற்றும் என்று அது பார்ப்பதில்லை. எந்த வரையறையை வைத்துப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்தால் இந்தச் சண்டையே இருக்காது.

சொல்வேழன்:
பானமும் உணவு என்று உலகமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நன்றி, கோப்புக்கட்டு ஐயா. கள்ளுண்ணாமை என்று பெயர் வைத்ததும் இதே அறிவால்தான்.

உயிர்ச்செல்:
கோப்புக்கட்டு சொன்னது உங்களுக்கு ஆதரவு இல்லை. வரையறையை முடிவு செய்யுங்கள் என்றுதான் சொன்னார். உலகத்தை நீங்களே இழுத்ததால் நானும் கேட்கிறேன். 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 25-ஆம் பிரிவில் உணவு என்று எழுதியிருக்கிறார்கள். அப்புறம் 2010-இல் ஐநா பொதுச்சபை தண்ணீருக்கான உரிமையைத் தனியாக ஏன் அறிவிக்க வேண்டும்? தண்ணீர் உணவுக்குள் அடங்கியிருந்தால் அந்த வேலையே வேண்டாமே. எண்ணைக் கேட்டேன், இன்னும் வரவில்லை. தண்ணீரில் எத்தனை கலோரி?

மாடித்தோட்டம்:
கலோரி கலோரி என்கிறீர்கள். உப்பில் எத்தனை கலோரி? பூஜ்யம். அப்போது உப்பும் உணவில் சேராதா? செடிக்கு உரம் போடுகிறேன், பையில் “தாவர உணவு” என்று அச்சடித்திருக்கிறது. அதிலும் கலோரி இல்லை. செடி வளரத்தானே செய்கிறது?

உயிர்ச்செல்:
பையில் அச்சடித்தவர் விற்பனைக்காக அச்சடித்திருக்கிறார். செடிக்கு உணவு உரம் அல்ல. இலை ஒளியைக் கொண்டு தானே தயாரிக்கும் சர்க்கரைதான் அதன் உணவு. உரம் தருவது தனிமங்கள் மட்டும். 17-ஆம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது, மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சோதனை வேண்டுமா?

சொல்வேழன்:
அவரே தந்த சான்று! தண்ணீர் மட்டும் ஊற்றினார், மரம் வளர்ந்தது. மரத்துக்கு உணவு எது என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. குறள் 12.

உயிர்ச்செல்:
வான் ஹெல்மான்டும் அப்படித்தான் நினைத்தார், அது தவறு. அவர் கணக்கில் விட்டது காற்றை. மரத்தின் கார்பன் முழுவதும் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. பாதிச் சோதனையை எடுத்துக்கொண்டு வெற்றி முழக்கம் போடாதீர்கள்.

மாடித்தோட்டம்:
ஆனால் சர்க்கரையில் இருக்கும் ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வந்ததுதானே? அதை ஏன் சொல்லவில்லை? உப்புக்கும் பதில் இல்லை. நான் கேட்டால் மட்டும் பையில் அச்சடித்தவரைப் பிடிக்கிறீர்கள். போன வருடம் மண்புழு உரத் திரியிலும் என்னை இப்படித்தான் மட்டம் தட்டினீர்கள்.

உயிர்ச்செல்:
மட்டம் தட்டவில்லை, திருத்தினேன். உப்பு உணவின் ஒரு பகுதி, அவ்வளவுதான். தனி உப்பை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு உணவு உண்டேன் என்று சொல்வீர்களா?

சொல்வேழன்:
“உணவின் பகுதி.” இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கலோரி இல்லாத உப்பு உணவின் பகுதியாகலாம், கலோரி இல்லாத தண்ணீர் ஆகக்கூடாது! மனித உடலின் எடையில் பாதிக்கு மேல் நீர். உணவின்றி வாரக்கணக்கில் உயிர் தாங்கியவர்கள் உண்டு, நீரின்றிச் சில நாள்தான். உயிரை முதலில் தாங்குவது எதுவோ அதற்கு உணவு என்ற பெயர் இல்லையாம். ஆற்றல்தான் அளவுகோல் என்றால் விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும்கூட ஆற்றல் உண்டு, எரித்தால் தெரியும். அவற்றை உணவு என்பாரா இந்த உயிரியல் ஆசிரியை?

உயிர்ச்செல்:
“உணவின்றி வாரக்கணக்கில், நீரின்றிச் சில நாள்.” நீங்களே இரண்டையும் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். மேலே போய்ப் படியுங்கள். உணவு வேறு, நீர் வேறு என்று உங்கள் கையே எழுதிவிட்டது.

விறகைச் செரிக்க நம் உடலில் நொதி இல்லை. உடலுக்குள் ஆற்றலாக மாறுவதைத்தான் சொல்கிறேன் என்பது குழந்தைக்கும் புரியும்.

குறள் 12-ஐத் தொடவில்லை என்று மூன்று முறை சொல்லிவிட்டீர்கள், இப்போது தொடுகிறேன். அதே வள்ளுவர் 412-ஆம் குறளில் “செவிக்குணவு இல்லாத போழ்து சிறிது வயிற்றுக்கும் ஈயப் படும்” என்கிறார். காதால் கேட்டறிவதும் உணவா? அங்கே உருவகம் என்றால் 12-இலும் உருவகம்தான்.

சொல்வேழன்:
412-இல் “செவிக்கு” என்ற அடைமொழி இருக்கிறது. அடைமொழி வந்தால் உருவகம். 12-இல் அடைமொழி எங்கே? நீர் வாய் வழியாகத்தானே போகிறது? உண்டல், தின்றல், நக்கல், பருகல் என்று உட்கொள்வதை நான்காகப் பிரித்தவர்கள் பருகுவதையும் உணவுக்குள் வைத்தார்கள். நான் பிரித்து எழுதியது பேச்சு வழக்கு. அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் விவாதமா?

உயிர்ச்செல்:
நான் பேச்சு வழக்கைக் காட்டினால் இலக்கணம் தெரியாதவள். நீங்கள் எழுதினால் மட்டும் அது பேச்சு வழக்கு. அருகாமையும் பேச்சு வழக்குதான், அதற்கு அன்றைக்கு என்ன பாடு படுத்தினீர்கள்!

கோப்புக்கட்டு:
நான் கேட்ட ஒரு கேள்விக்கு இருவருமே பதில் சொல்லவில்லை. சொல் ஒன்று, பயன்பாடு பல. கால்நடைக்குப் போட்டால் தீவனம், புலி பிடித்தால் இரை, மனிதருக்கு உணவு. ஒரே புல்லும் ஒரே இறைச்சியும்தான். தண்ணீருக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?

மாடித்தோட்டம்:
புலி இரையா, மான் இரையா? “புலி பிடித்தால் இரை” என்று எழுதினால் புலியைப் பிடித்தது போலவும் படிக்கலாம்.

கோப்புக்கட்டு:
மான்தான் இரை. சூழலை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். இதற்கும் ஒரு சண்டையா?

சொல்வேழன்:
இரை பற்றித் தனித் திரியில் பேசலாம், இங்கே திசை திருப்ப வேண்டாம். அருகாமை “அருகுதல்” என்ற வினையின் எதிர்மறை, அதாவது நெருங்காமை. அது தவறு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், நாளையும் சொல்வேன். கள்ளுண்ணாமை என்ற தலைப்பில் “உண்” எப்படி வந்தது? உயிர்ச்செல் வெட்டுண்டானைக் காட்டித் தப்பித்தார், நேரான பதில் வரவில்லை. வரும்வரை இந்தத் திரியிலேயே இருக்கிறேன்.

உயிர்ச்செல்:
எண் எங்கே? எத்தனை கலோரி?