விவாதம்: போலந்தில் வீடு "கிடைத்தது" என்று எழுதலாமா?

தூரதேசி:
பாட்டிக்குப் போலந்தில் வீடு "கிடைத்தது" என்று போன வாரம் நான் எழுதியதற்கு "நாஜிகளுக்கு வக்காலத்து" என்று பழையஏடு முத்திரை குத்தியிருக்கிறார். மறுபடி சொல்கிறேன். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி பெஸ்ஸராபிய ஜெர்மன், அதாவது இன்றைய மால்டோவா, உக்ரைன் பக்கம் வாழ்ந்த ஜெர்மானியர். 1813-ல் ரஷ்யப் பேரரசர் அலெக்சாந்தர் நிலம் தருகிறேன் என்று அழைத்ததை நம்பி 1814 முதல் அங்கே போன குடியானவர்களின் வம்சம். 1940 ஜூனில் சோவியத் படை வந்தது. செப்டம்பரில் பெர்லினும் மாஸ்கோவும் ஒப்பந்தம் போட்டு, சுமார் 93,000 பேரை ஊரோடு கிளப்பின. டான்யூப் நதியில் கப்பல், அப்புறம் ரயில், அப்புறம் மாதக்கணக்கில் முகாம். பாட்டிக்கு அப்போது பத்து வயது. பிறகு ஜெர்மனி பிடித்துவைத்திருந்த போலந்தில் ஒரு பண்ணைவீடு கிடைத்தது. 1945 ஜனவரியில் அதையும் விட்டுவிட்டுப் பனியில் ஓட்டம். முற்றத்தில் நின்ற நாய்க்கு ஜெர்மன் புரியாது, போலிஷ் பேசினால்தான் வாலாட்டும் என்பார். இவர்களும் போரில் நசுங்கிய சாதாரண ஜனங்கள்தான்.

பழையஏடு:
"கிடைத்தது". அந்த ஒரு சொல்லில் ஒரு போலந்துக் குடும்பத்தையே புதைத்துவிட்டீர்கள். நாய்க்குப் போலிஷ் சொல்லிக்கொடுத்தவன் எங்கே போனான்? அதை எழுதுங்கள் முதலில்.

கரிசல்காட்டான்:
பத்து வயதுப் பிள்ளையிடம் கணக்குக் கேட்கிறீரே ஐயா. முகாமில் ஆளாளுக்குச் சோதனை நடத்தி, "ஓ" என்று முத்திரை விழுந்தால் கிழக்கே போ, "ஆ" என்றால் பழைய ஜெர்மனியிலேயே கிட என்று பிரித்தது அரசு. விவசாயியின் விருப்பத்தை யார் கேட்டார்கள்?

பழையஏடு:
பிள்ளையை நான் கேட்கவில்லை. அப்பனைக் கேட்கிறேன். விதைத்த வயல், கட்டிய மாடு, முற்றத்தில் நாய். இதெல்லாம் ஆளில்லாமல் முளைக்குமா? நாய்க்குத் தெரிந்தது அப்பனுக்குத் தெரியாதா?

வைகைக்கரை:
ஜெர்மனியின் குடியரசுத் தலைவராக இருந்த ஹோர்ஸ்ட் கோலரின் பெற்றோரும் பெஸ்ஸராபியாக்காரர்கள். அவர் 1943 பிப்ரவரியில் பிறந்தது போலந்தின் ஸ்கெர்பியெஷுவில். ஸமோஷ்ச் வட்டாரத்தில் போலந்துக்காரர்களை வெளியேற்றும் வேலையை நாஜிகள் 1942 நவம்பர் கடைசியில் தொடங்கியதே அந்த ஊரில்தான். மூன்றே மாத இடைவெளி. குழந்தை மேல் பழி இல்லை, ஆனால் தொட்டில் போட்ட இடம் யாருடையது என்று எழுதித்தான் ஆகவேண்டும்.

தூரதேசி:
எழுதமாட்டேன் என்று எங்கே சொன்னேன்? அந்த அப்பா 126 வருஷ ஊரை, கல்லறைகளை, தேவாலயத்தை விட்டு வந்தவர். மறுத்திருந்தால் எங்கே போயிருப்பார்? சோவியத்திடம் திரும்பியா? ரஷ்யாவில் வோல்கா நதிக்கரையில் வாழ்ந்த ஜெர்மானியருக்கு 1941-ல் என்ன நடந்தது என்று தெரியுமல்லவா? ஊர் ஊராகச் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும்.

பழையஏடு:
வோல்கா பற்றி நீங்கள் பேசவேண்டாம். போன வருஷம் நாடுகடத்தல் ஆணையைச் செப்டம்பர் என்று எழுதினீர்கள். ஆகஸ்ட் 28 என்று நான் காட்டியும் இன்றுவரை திருத்தவில்லை.

தூரதேசி:
ரயில் ஏற்றியது செப்டம்பரில். அதைத்தான் எழுதினேன்.

பழையஏடு:
"ஆணை" என்றுதான் எழுதினீர்கள். படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கரிசல்காட்டான்:
எதிராளி எழுதியதையெல்லாம் படம் எடுத்து வைப்பவரோடு என்ன பேசுவது? உமக்கு வரலாறு வேண்டாம், தூரதேசி தோற்கவேண்டும். பெஸ்ஸராபியா எங்கே என்றே உமக்குப் போன வாரம்தான் தெரியும்.

பழையஏடு:
இருபது வருஷமாகக் கிழக்கு ஐரோப்பாதான் படிக்கிறேன். பேச்சை மாற்றாதீர். அந்த வீட்டுக்காரனை இரவோடு இரவாக விரட்டினார்கள். எத்தனையோ பேர் முகாமில் செத்தார்கள். விரட்டியது குடியானவன் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் கட்டிலில் படுத்தது யார்?

வைகைக்கரை:
இரண்டு பேரும் பாதிப் பாதி சரி...

பழையஏடு:
பாதி எல்லாம் கிடையாது வைகைக்கரை. "கிடைத்தது" என்பதை எடுத்துவிட்டு "பிடுங்கிக் கொடுத்த வீடு" என்று போடட்டும்.

தூரதேசி:
பாட்டி சொன்ன சொல்லை நான் மாற்றமாட்டேன். அந்த நாயின் கதையைச் சொல்லும்போதெல்லாம் அழுவார். ஏன் அழுதார் என்று உங்களுக்கு என்ன தெரியும்?

பழையஏடு:
ஏன் அழுதார் என்று எனக்குத் தெரிகிறது. உங்களுக்குத்தான் தெரியவில்லை. ஆகஸ்ட் 28-ஐயும் திருத்துங்கள்.