மினி டிராக்டர்ல எக்ஸ்ட்ரா லைட் போட்டா பேட்டரி இறங்குது, எவ்வளவு லோடு தாங்கும்?

செங்குன்றம் தோட்டம்: வணக்கம் நண்பர்களே, மினி டிராக்டர்ல நைட்டு உழவுக்குன்னு 55 வாட் ஹாலஜன் நாலு மாட்டியிருக்கேன், ஹெட்லைட்டும் 55 வாட் ரெண்டு. ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தினா திரும்ப செல்ஃப் எடுக்கல. பேட்டரி புதுசுதான். டைனமோ 20 ஆம்ப்னு போட்டிருக்கு. பெரிய பேட்டரி வைக்கலாமா?

ஆட்டோ எலக்ட்ரீசியன், அம்பத்தூர்: பேட்டரி மேல தப்பில்லண்ணே. 20 ஆம்ப்பை 14 வோல்ட்டால பெருக்குங்க, 280 வாட். அதுவும் ஃபுல் ஆர்பிஎம்ல மட்டும்தான், ஐட்லிங்ல ரொம்ப கம்மியா வரும். உங்க லைட்டு மட்டுமே 330 வாட். மீதி பேட்டரியில இருந்துதான் போகுது, அப்புறம் எப்படி சார்ஜ் ஏறும்? பெரிய பேட்டரி வச்சா இறங்க கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்.

வோல்ட் மீட்டர் வச்சு பாருங்க. இன்ஜின ரைஸ் பண்ணி லைட்டெல்லாம் போட்டுட்டு பேட்டரி முனையில 13.5 வோல்ட்டுக்கு மேல நிக்கணும், 12.5க்கு கீழ வந்தா பேட்டரிதான் கரையுது.

திருவள்ளூர் வயல்: நாலையும் 18 வாட் எல்இடியா மாத்திடுங்க, மொத்தமே 72 வாட்தான், வெளிச்சமும் குறையாது. சென்னை ஜிபி ரோட்டு வண்டி பார்ட்ஸ் கடைங்கள்ல கிடைக்கும்.

ஆட்டோ எலக்ட்ரீசியன், அம்பத்தூர்: ஆமா அதான் சரி. தயவுசெஞ்சு ஃபியூஸ் போகுதுன்னு பெரிய ஃபியூஸ் மட்டும் போடாதீங்க, ஃபியூஸ் போறதுக்கு முன்னாடியே ஒயர் எரிஞ்சிடும். ரிலே (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன் பண்ற சுவிட்ச்) வச்சு, பேட்டரிகிட்டயே தனி ஃபியூஸ் போட்டு லைன் இழுங்க.

செங்குன்றம் தோட்டம்: ரொம்ப நன்றிண்ணே, நாளைக்கே மீட்டர் வச்சு பாத்துட்டு சொல்றேன்.